சுட்ட ஜோக்கா, சொந்த ஜோக்கா? ஸ்டாண்ட்-அப் பார்க்கப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஒருவர் தனியாக மேடையில் நின்று பேசியே சிரிக்கவைக்கும் ஸ்டாண்ட்-அப் ஷோக்களுக்குச் சென்னையில் பல வருஷமாகப் போய்க்கொண்டிருக்கிறேன். டிக்கெட் வாங்கிப் பெரிய அரங்கில் பார்ப்பதும் உண்டு, ஐம்பது பிளாஸ்டிக் நாற்காலி போட்ட மாடி அறையில், புது ஆட்கள் வந்து சொல்லிப் பார்க்கும் ஓபன் மைக் பார்ப்பதும் உண்டு. ஷோ முடிந்து வண்டி எடுக்கப் போகும்போது கூட வந்தவர்களில் ஒருவராவது கேட்டுவிடுவார்: "இந்த ஜோக்கை எங்கேயோ கேட்டிருக்கேனே, சுட்டுட்டாரோ?" அந்தக் கேள்வியும், அதிலிருந்து கிளம்பும் மற்ற கேள்விகளும்தான் இங்கே இருக்கின்றன.

நேற்று கேட்ட ஜோக்கை ஏற்கெனவே வேறொருவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். சுட்டதுதானே?

பெரும்பாலும் இல்லை. நீங்கள் ஏற்கெனவே கேட்டது அந்த ஜோக்கின் தலைப்பாகத்தான் இருக்கும். மாமியார், ஆட்டோக்காரர், இன்ஜினீயரிங் காலேஜ், கல்யாண வீட்டுப் பந்தி, அப்பாவின் சிக்கனம் எல்லாம் ஊர்ப் பொதுக்கிணறு. யார் வேண்டுமானாலும் இறைக்கலாம்.

ஒரு ராத்திரி ஒரே லைன்-அப்பில், அதாவது அன்று மேடையேறுபவர்களின் பட்டியலில், இரண்டு பேர் ஏசி ரிமோட்டைப் பற்றிப் பேசினார்கள். முதலில் வந்தவர், அப்பா ரிமோட்டைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்குவார் என்று ஆரம்பித்தார். நடுராத்திரியில் அதை எடுக்க அம்மாவும் பிள்ளைகளும் போடும் திட்டத்தை வங்கிக் கொள்ளை மாதிரி விரித்துக்கொண்டே போனார். அவருக்கு அடுத்து இன்னொருவர் வந்துபோனார், மூன்றாவது ஆளும் அதே ரிமோட்டோடு வந்தார். என் பக்கத்து நாற்காலிக்காரர் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். ஆனால் மூன்றாமவர் சொன்னது, அப்பா ரிடையர் ஆன அன்று ராத்திரி அந்த ரிமோட்டைத் தானாகவே கொண்டுவந்து மகன் கையில் கொடுத்ததைப் பற்றி. "இனிமே கரண்ட் பில் நீதான்" என்ற ஒரு வரியில் அறையே சிரித்தது, எனக்குத் தொண்டை அடைத்தது. ரிமோட் ஒன்றுதான். இரண்டு பேரும் போன வழிக்கு ஒன்றுக்கொன்று சம்பந்தமே கிடையாது.

அப்படியானால் எதை வைத்துக் கண்டுபிடிப்பது?

வழியை வைத்து. ஒரு தலைப்பில் இறங்கியவர் எந்தெந்த விவரத்தை, எந்த வரிசையில் எடுத்துக்கொண்டு போகிறார் என்று பாருங்கள். தலைப்பு ஒத்துப்போவது சாதாரண விஷயம். முடிவு ஒத்துப்போவதும் சில நேரம் நடக்கும். ஆனால் நடுவில் வரும் நாலு விவரங்களும் அதே வரிசையில் வந்தால் அது தற்செயலாக இருப்பது மிக மிகக் கஷ்டம்.

இன்னொரு நல்ல தடயம், கதைக்குத் தேவையே இல்லாத ஒரு பொருள். ஒரு முறை ஓர் இளைஞர், பெரம்பூரில் இரண்டாவது மாடி ஃபிளாட்டில் வளர்ந்ததாகச் சொல்லித்தான் தன் செட்டை (மேடையில் ஒரே மூச்சில் சொல்லும் மொத்தத் தொகுப்பை) ஆரம்பித்தார். பத்து நிமிஷம் கழித்து அப்பாவைப் பற்றி ஒரு கதை வந்தது. "ஞாயித்துக்கிழமை காலைல அப்பா கராஜை ஒழிச்சிட்டு இருந்தாரு..." எனக்கு அங்கேயே நெருடியது. பெரம்பூர் ஃபிளாட்டில் ஏது கராஜ்? கீழே தூணுக்குத் தூண் நடுவே ஸ்கூட்டர் விடுவோம், அதற்குப் பார்க்கிங் என்று பெயர். அதை யாரும் ஞாயிற்றுக்கிழமை ஒழிப்பதில்லை. வீட்டுக்கு வந்து தேடினேன். ஓர் அமெரிக்க நகைச்சுவையாளரின் ஸ்பெஷலில் (முழு ஷோவின் வீடியோவில்) அதே அப்பா, அதே கராஜ், அட்டைப்பெட்டி, பெட்டிக்குள் கிடைக்கும் பழைய ரிப்போர்ட் கார்டு. நாலும் அதே வரிசையில் இருந்தன. பரண் என்று மாற்றியிருந்தால் எனக்குத் தெரிந்திருக்காது. ஆனால் தன் வீட்டில் நடந்ததைச் சொல்பவருக்கு அதை மாற்ற வேண்டிய வேலையே வந்திருக்காது, முதலிலேயே பரண்தான் வாயில் வந்திருக்கும்.

ஒரே ஜோக் இரண்டு பேருக்குத் தனித்தனியாகத் தோன்றுமா?

தோன்றும். அன்றன்றைய செய்தியை வைத்துச் செய்யும் ஜோக்குகளில் இது அடிக்கடி நடக்கிறது. தொழிலில் இருப்பவர்கள் இதைப் பேரலல் திங்கிங் என்பார்கள்.

நீதிமன்றம் வரை போன ஒரு உதாரணம் சொல்கிறேன். 2015 பிப்ரவரி 1 அன்று அமெரிக்கக் கால்பந்தின் சூப்பர் பௌல் ஆட்டம். கடைசி நொடிகளில் சியாட்டில் அணி புள்ளி எடுக்கும் கோட்டுக்கு ஒரு கஜம் முன்னால் நிற்கிறது. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு முட்டி மோதி உள்ளே போயிருக்கலாம். பயிற்சியாளர் பீட் கேரல் அணி பந்தை எறியப் போனது, எதிரணிக்காரர் பாய்ந்து பிடித்துவிட்டார், ஆட்டம் போயிற்று. சிறந்த ஆட்டக்காரராகத் தேர்வான, ஜெயித்த அணியின் டாம் பிரேடிக்கு ஒரு டிரக் பரிசு. நமக்கு வெற்றியைத் தேடித் தந்தவருக்கே அதைக் கொடுக்கப் போகிறேன் என்கிற மாதிரி அவர் சொன்னார். சரி, இந்தச் செய்தியைக் கையில் கொடுத்து ஒரு ஜோக் சொல்லச் சொன்னால் நீங்கள் என்ன சொல்வீர்கள்? "அப்போ டிரக் சியாட்டில் கோச்சுக்குத்தான் போகணும்." அலெக்ஸ் கேஸ்பெர்க் என்ற நகைச்சுவை எழுத்தாளர் இதை ட்விட்டரில் எழுதினார். கோனன் ஓ'பிரையன் இதே ஜோக்கைத் தன் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் சொன்னார். கேஸ்பெர்க் வழக்குப் போட்டார். இதுவும் இன்னும் இரண்டு ஜோக்குகளும் விசாரணைக்குப் போகலாம் என்று 2017இல் நீதிபதி சொன்னார். ஆனால் இப்படிப்பட்ட ஜோக்குகளுக்குக் கிடைப்பது மெலிந்த பாதுகாப்புத்தான், இரண்டும் கிட்டத்தட்ட அச்சு அசலாக ஒன்றாயிருந்தால்தான் குற்றம் என்றும் சேர்த்துச் சொன்னார். 2019இல் விசாரணை தொடங்கும் முன்பே இரு தரப்பும் சமாதானமாகிவிட்டன.

அந்த டிரக் ஜோக்கைப் பொறுத்தவரை, அது பலருக்குத் தோன்றியிருக்கும் என்பதுதான் என் எண்ணம். செய்தியே பாதி ஜோக்கைச் செய்து வைத்திருந்தது.

யூடியூபில் தேதியைப் பார்த்தால் யார் முதல் என்று தெரிந்துவிடாதா?

தெரியாது. இதில் நானே ஒருவருக்குப் பெரிய அநியாயம் செய்திருக்கிறேன்.

ஒரு பெண் நகைச்சுவையாளர் மேடையில் சொன்ன ஒரு நீண்ட பிட் (ஒரே விஷயத்தைப் பற்றித் தொடர்ந்து வரும் ஜோக்), பிரபலமான இன்னொருவரின் வீடியோவில் வந்ததை அப்படியே ஒத்திருந்தது. அந்த வீடியோ எட்டு மாதத்துக்கு முன்னால் ஏறியது. நான் அவருக்கு நேரடியாகவே மெசேஜ் போட்டேன், கொஞ்சம் காரமாகவே போட்டேன். அவர் சண்டை போடவில்லை. ஒரு ஆடியோ ஃபைலை மட்டும் அனுப்பினார். ஓபன் மைக்கில் ஃபோனைப் பாக்கெட்டில் வைத்துப் பதிவு செய்தது. தேதி அந்த வீடியோவுக்கு ஒன்றரை வருஷம் முன்னால். அதில் அதே பிட் இன்னும் கச்சாவாக, நாலு இடத்தில் தடுக்கி, கடைசி வரியே இல்லாமல் இருந்தது. சிரித்தது இரண்டு மூன்று பேர்தான். பின்னணியில் டம்ளர் சத்தம் கேட்டது. அந்த ஏழு நிமிஷத்தையும் கேட்டு முடித்து மன்னிப்புக் கேட்டேன். அவர் "பரவாயில்லைங்க, நிறைய பேர் கேக்கறாங்க" என்று எழுதினார். அந்த "நிறைய பேர்" எனக்கு இன்னும் உறுத்துகிறது.

ஒரு பிட் மேடையில் ஒரு வருஷம், இரண்டு வருஷம் ஓடிய பிறகுதான் வீடியோவாக வெளியே வரும். எழுதிய தேதி வேறு, முதலில் சொன்ன தேதி வேறு, ஏற்றிய தேதி வேறு. அதோடு, நீங்கள் முதலில் பார்த்தவர்தான் முதலில் சொன்னவர் என்று மனசு தானாகவே முடிவு கட்டிக்கொள்ளும். அதை நம்பாதீர்கள்.

ஆங்கில ஜோக்கைத் தமிழில் சொன்னால் அதுவும் திருட்டா?

ஆமாம். மொழி மாறினால் உழைப்பு மாறிவிடாது. அந்த வரிசையைக் கண்டுபிடிக்கப் பட்ட பாடு இன்னொருவருடையது. "நம்ம ஆளுங்களுக்கு அது தெரியாதே, கொண்டுவந்து சேர்க்கிறதுல என்ன தப்பு" என்று ஒருவர் என்னிடம் வாதாடினார். கொண்டுவந்து சேர்ப்பவர் அனுப்பியவரின் பெயரையும் சேர்த்துக் கொண்டுவரட்டும். மேடையில் அப்படிப் பெயர் சொல்லிவிட்டு யாரும் பிட் சொல்வதில்லை என்பதிலேயே பதில் இருக்கிறது.

அந்தக் காலத்தில் எல்லாரும் எல்லாருடைய ஜோக்கையும் சொல்லிக்கொண்டுதானே இருந்தார்கள்?

உண்மைதான், கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய விஷயமும்கூட. அமெரிக்காவில் வாட்வில் என்ற கதம்பக் காட்சிகள் ஓடிய காலத்தில் ஜோக் என்பது கையிருப்புச் சரக்கு. ஊர் ஊராகப் போனார்கள், ஒருவர் சொன்னதை அடுத்த ஊரில் இன்னொருவர் சொன்னார், கேட்பவர்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை. மில்டன் பெர்ல் என்ற நகைச்சுவையாளர் அடுத்தவர் ஜோக்கை எடுப்பதில் பேர் போனவர். ஜோக் திருடன் என்று பட்டமே வைத்தார்கள், அவர் அதையும் மேடையில் சிரிக்கச் சிரிக்கப் பயன்படுத்திக்கொண்டார். பாப் ஹோப் எழுத்தாளர்களைச் சம்பளத்துக்கு வைத்து எழுதவைத்த ஜோக்குகள் இன்று வாஷிங்டனில் நாடாளுமன்ற நூலகத்தில் இருக்கின்றன. 85,000 பக்கங்களுக்கு மேல்.

1950களில்தான் இது மாறத் தொடங்கியது. சான் பிரான்சிஸ்கோவில் மார்ட் சால் என்ற நகைச்சுவையாளர் அன்றைய செய்தித்தாளைக் கையில் வைத்துக்கொண்டு மேடையேறி, தான் என்ன நினைக்கிறார் என்று பேச ஆரம்பித்தார். லென்னி புரூஸ் வந்தார். ஜோக் என்பது சொல்பவரின் கண், சொல்பவரின் வாழ்க்கை என்றாகிவிட்டது. அப்படி ஆன பிறகு அதை எடுப்பது அடுத்தவர் டைரியிலிருந்து ஒரு பக்கத்தைக் கிழித்து "எனக்கு நடந்தது" என்று படிப்பதற்குச் சமம்.

நம் பக்கத்திலும் இரண்டு வகையும் உண்டு. தெனாலிராமன் கதை யாருக்கும் சொந்தமில்லை. பட்டிமன்றத்தில் கணவன் மனைவி துணுக்கு பத்துப் பேர் வாயில் புரண்டு வரும், யாரும் கணக்குக் கேட்பதில்லை. ஆனால் விகடனிலும் குமுதத்திலும் இரண்டு வரி மன்னர் ஜோக், டாக்டர் ஜோக் வந்தால்கூட அடியில் எழுதியவர் பெயர் அச்சாகும். தன் பெயர் வந்த இதழை எடுத்து வைத்திருந்து பேரப்பிள்ளைகளுக்குக் காட்டிய ஒரு பெரியவரை எனக்குத் தெரியும். மன்னர் ஜோக் என்ற அச்சு எல்லாருக்கும் பொது. அதில் அவர் வார்த்த அந்த இரண்டு வரி அவருடையது. இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது.

காசு கொடுத்து வாங்கினால்?

வாங்கலாம், தப்பே இல்லை. ஃபிலிஸ் டில்லர் என்ற அமெரிக்க நகைச்சுவையாளர் தன் ஜோக்குகளை அட்டையில் தட்டச்சு செய்து எஃகு அலமாரியில் தலைப்பு வாரியாக அடுக்கி வைத்திருந்தார். 50,000 அட்டைகளுக்கு மேல். இப்போது ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் நிறைய ஜோக்குகள் மற்றவர்கள் எழுதி அனுப்பி அவர் விலை கொடுத்து வாங்கியவை.

தெரியாமலேயே ஒருவர் இன்னொருவர் ஜோக்கைச் சொல்லிவிட முடியுமா?

முடியும். 1989இல் ஆலன் பிரௌன், டானா மர்ஃபி என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். சிலரை ஒன்றாக உட்காரவைத்து, மாற்றி மாற்றி ஒரு வகையைச் சேர்ந்த பெயர்களைச் சொல்லச் சொன்னார்கள். பிறகு நீங்கள் சொன்னதை மட்டும் எழுதுங்கள், அப்புறம் யாருமே சொல்லாத புதிதாகச் சில எழுதுங்கள் என்றார்கள். பக்கத்தில் இருந்தவர் சொன்னதைத் தன்னுடையது என்றும் புதியது என்றும் எழுதியவை 3 முதல் 9 சதவிகிதம் வரை இருந்தன. யாரும் ஏமாற்ற நினைக்கவில்லை. விஷயம் நினைவில் தங்குகிறது, யார் சொன்னது என்பது நழுவிவிடுகிறது.

அமெரிக்க நகைச்சுவை நடிகர் ராபின் வில்லியம்ஸ் மேல் இந்தப் புகார் காலமெல்லாம் இருந்தது. மேடையில் மின்னல் வேகத்தில் பேசுவார், கிளப்பில் கேட்டது எப்போது வாயில் வரும் என்று அவருக்கே தெரியாது. அப்படி வந்துவிட்ட ஜோக்குகளுக்குப் பணம் கொடுத்ததாக அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ஒரு கட்டத்தில் மற்றவர்களின் செட்டைப் பார்ப்பதையே தவிர்த்தார். அவரை நான் பழிக்கமாட்டேன். ஆனால் தெரியாமல் நடந்தது என்பதால் இழந்தவரின் நஷ்டம் குறைந்துவிடாது என்று அவரும் புரிந்துகொண்டிருந்தார், அதனால்தான் பணம் கொடுத்தார்.

கேஸ் போடலாமே?

கோனன் மாதிரி வழக்குகள் அபூர்வம். சட்டம் யோசனையைக் காப்பதில்லை, அது சொல்லப்பட்ட விதத்தைத்தான் காக்கிறது. இந்தியாவிலும் இதே நிலைதான். 1978இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது: கருத்துக்குப் பதிப்புரிமை கிடையாது, ஆனால் இரண்டையும் பார்த்தவருக்கு இது அதன் நகல்தான் என்று சந்தேகமில்லாமல் தோன்றினால் அது மீறல். ஜோக்கைத் திருடுபவர் சொல்லை மாற்றிவிடுவார், வக்கீல் ஃபீஸோ அந்த ஜோக் சம்பாதிப்பதைவிடப் பல மடங்கு. யார் போவார்கள்?

அப்போ தண்டனையே கிடையாதா?

உண்டு, தொழிலுக்குள்ளேயே. டோட்டன் ஓலியார், கிறிஸ்டஃபர் ஸ்பிரிக்மேன் என்ற இரண்டு சட்டப் பேராசிரியர்கள் அமெரிக்க நகைச்சுவையாளர்களைப் பேட்டி கண்டு 2008இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். எழுதாத சட்டங்கள் எத்தனை இருக்கின்றன என்று அதில் பார்க்கலாம். இருவர் ஜோக் மோதினால் முதலில் மேடையில் சொன்னவருக்கு முன்னுரிமை. பேசித் தீர்த்து ஒருவர் விட்டுக்கொடுப்பார். ஒருவர் கருவைச் சொல்லி நண்பர் கடைசி வரியை எடுத்துக்கொடுத்தால், கருவைச் சொன்னவருக்கே ஜோக் சொந்தம். மீறுபவரோடு மற்றவர்கள் சேர்ந்து மேடையேற மாட்டார்கள், கிளப்பில் இடம் கிடைக்காது, பெயர் கெடும்.

அந்தப் பெயர் கெடுவது எப்படி இருக்கும் என்பதை உலகமே பார்த்தது 2007 பிப்ரவரியில். லாஸ் ஏஞ்சல்ஸ் காமெடி ஸ்டோர் கிளப்பில் நகைச்சுவையாளர் ஜோ ரோகன், இன்னொரு நகைச்சுவையாளரான கார்லோஸ் மென்சியாவை மேடையிலேயே வைத்து ஜோக் திருடுகிறார் என்று குற்றம் சாட்டினார். மென்சியா மறுத்தார், இருவரும் மைக்கில் கத்திக்கொண்டார்கள். வீடியோ பரவியது. மென்சியாவின் தொலைக்காட்சி நிகழ்ச்சி அதற்கடுத்த வருஷம் முடிந்தது, அந்தப் பெயர் அவரை விடவில்லை. புகார் சொன்ன ரோகனுக்கும் அந்தக் கிளப்பின் கதவு பல வருஷம் மூடியிருந்தது.

அந்த வீடியோவில் பேசப்பட்ட ஒரு ஜோக், மெக்சிகோ எல்லையில் வேலி கட்டப்போகிறார்களாம், அதைக் கட்டுவதே மெக்சிகோக்காரர்கள்தானே என்பது. இதை அப்போது பல நகைச்சுவையாளர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். டிரக் ஜோக் மாதிரித்தான். இந்த ஒன்றை வைத்து ஒருவரைத் திருடன் என்று சொல்லமாட்டேன். ஒருவரைப் பற்றி ஒரே புகார் பல பேரிடமிருந்து, பல வருஷமாக, பல ஜோக்குகளைப் பற்றி வருகிறதா என்பதுதான் முக்கியம்.

ஒரே ஆள் இரண்டு ஷோவிலும் அதே "திடீர்" ஜோக்கைச் சொன்னார். ஏமாற்றுத்தானே?

இல்லை. கச்சேரியில் பாடகர் போன வாரம் பாடிய கீர்த்தனையை இந்த வாரமும் பாடினால் கோபித்துக்கொள்வோமா? முன்வரிசைக்காரரிடம் பேசுவதுபோல் வருவதிலும் பாதி ஏற்கெனவே பதம் பார்த்த வரிகள்தான். மைக் கெட்டுப்போனால், யாராவது லேட்டாக வந்தால் சொல்லும் வரிகள் சில எல்லாரிடமும் இருக்கும், அவற்றையும் யாரும் திருட்டு என்பதில்லை.

ஜோக்தானே, போனால் போகட்டும். இவ்வளவு ஆவேசம் எதற்கு?

பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்போம். ஜோக் ஒரு தடவைதான் வெடிக்கும். பிரபலமான ஒருவர் உங்கள் பிட்டை எடுத்து வீடியோவில் சொல்லிவிட்டால், அடுத்த நாள் நீங்கள் மேடையில் அதைச் சொல்லும்போது சிரிப்பு வராது. அதைவிடக் கொடுமை, நீங்கள்தான் திருடர் என்று முன்வரிசை முடிவு செய்துவிடும். எனக்கு ஆடியோ அனுப்பியவருக்கு நடந்தது அதுதான். அவர் கடைசியில் அந்தப் பிட்டையே செட்டிலிருந்து எடுத்துவிட்டார். ஐந்து நிமிஷம் உறுதியான செட் கட்ட ஒரு புது ஆளுக்கு மாதக்கணக்கில் ஆகும். ஆபீஸ் முடிந்து, லைன்-அப்பில் பெயர் வருமா என்று காத்திருந்து, ராத்திரி பதினோரு மணிக்கு ஆறு பேர் முன்னால் சொல்லி, அதில் ஒரு வார்த்தையை மாற்றி மறுபடி சொல்லி, அப்படிக் கட்டியது அது.

வாட்ஸ்அப்பில் வந்த ஜோக்கை அனுப்பலாமா?

தாராளமாக. எழுதியவர் பெயர் இருந்தால் அதை வெட்டாமல் அனுப்புங்கள், அது போதும். 2015இல் ஜாஷ் ஆஸ்ட்ரோவ்ஸ்கி என்பவர் மற்றவர்களின் ஜோக்குகளைப் பெயரை விட்டுவிட்டு இன்ஸ்டாகிராமில் போட்டே பல லட்சம் பேரைச் சேர்த்துவிட்டார் என்று நகைச்சுவையாளர்கள் கொதித்தெழுந்தார்கள். அதற்கப்புறம்தான் பெயர்களைச் சேர்க்கத் தொடங்கினார்.

ஷோவை ஃபோனில் பதிவு செய்யலாமா? ஆதாரமாக இருக்குமே.

வேண்டாம். இன்னும் எழுதி முடிக்காத ஜோக்கை வெளியே கசியவிடுவதும் ஜோக்கைக் கொல்வதுதான். அமெரிக்க நகைச்சுவையாளர் டேவ் சாப்பெல் ஷோக்களில் ஃபோனைப் பூட்டிய பையில் போட்டுக் கையில் கொடுப்பதே இதற்காகத்தான்.

சரி, உண்மையாகவே சந்தேகம் வந்துவிட்டது. என்ன செய்யட்டும்?

அரங்கில் கத்தாதீர்கள். வெளியே வந்ததும், மறப்பதற்குள், அந்தப் பிட்டில் வந்த விவரங்களை வரிசையாக எழுதி வையுங்கள். வீட்டில் போய் மற்றதைப் போட்டுப் பாருங்கள். தலைப்பு மட்டும் ஒன்றாக இருந்தால் விட்டுவிடுங்கள். வழியே ஒன்றாக இருந்தால், முதலில் அந்தக் கலைஞரிடமே தனியாகக் கேளுங்கள். பொதுவில் பதிவு போடுவது கடைசி வேலை, அதுவும் ஒரு பிட்டை மட்டும் வைத்துக்கொண்டு வேண்டாம்.

அந்தக் கராஜ் இளைஞரிடம் அடுத்த ஷோவின்போது வாசலில் வைத்துப் பேசினேன். "தம்பி, அந்த அப்பா பிட் நான் இன்னொருத்தர்கிட்ட கேட்டிருக்கேன்" என்றேன். முகம் சுருங்கியது. கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "ஓபன் மைக்ல எதுக்குமே யாரும் சிரிக்கலண்ணா, அத மட்டும் எடுத்தேன்" என்றார். அவருடைய உண்மையான அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டேன். பெரம்பூர் லோகோ ஒர்க்ஸில் ஃபிட்டராக இருந்து ரிடையர் ஆனவராம், வீட்டில் எது உடைந்தாலும் புதிது வாங்க விடமாட்டாராம், மிக்சி மூடிக்கு ரயில் போல்ட் போட்டிருக்கிறாராம். வாசலிலேயே நான் சிரித்துவிட்டேன். இரண்டு மாதம் கழித்துப் போனபோது அந்த மிக்சி மேடையில் இருந்தது, கராஜ் இல்லை.